இரண்டாவது ஓலை

இன்று காலை ஆறு மணிப் பூசையில் உன் இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. நான் நான்காவது பெஞ்சில் இருந்தேன். பங்குச் சாமியார் மூன்று ஜோடிகளின் பெயரை வாசித்தார். அவற்றில் உன் பெயர் இல்லை. ஏழரை மணிப் பூசைக்கும் இருந்து கேட்டேன். அதிலும் இல்லை. பிறகு கோயில் அலுவலகத்துக்குப் போய் உபதேசியாரிடம் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். உன் பெயருக்கு நேரே முதல் ஞாயிறு டிக் போடப்பட்டிருக்கிறது. இரண்டாம் ஞாயிறுக்கான கட்டத்தில் சிவப்பு மையில் 'நிறுத்தம்' என்று எழுதியிருக்கிறது. நிறுத்தியது யார் என்று நீ உன் நண்பர்களை விட்டு ஊரில் விசாரிக்க வேண்டாம். நான்தான்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். இதை முதலில் உன் அம்மா படிப்பாள். நாளைக் காலை இன்டர்நெட் சென்டர் திறந்ததும் ஸ்கேன் செய்து உனக்கு அனுப்புவேன். 'அன்புள்ள' என்று தொடங்கவில்லை என்பதை நீ கவனித்திருப்பாய். மறந்து விட்டுப்போனதல்ல.

நீ ஆறு வருஷமாகப் பிரான்சில் இருக்கிறாய், ஓலை எதற்கு வாசிக்கிறார்கள் என்பது மறந்திருக்கலாம். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை எதுவும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பார்கள். மாப்பிள்ளையின் பங்கிலும் பெண்ணின் பங்கிலும் வாசிப்பார்கள். சிறு வயதில் நீ அதைப் பூசையின் சலிப்பான பகுதி என்று நினைத்துக் கொட்டாவி விடுவாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தடை சொல்லி யாரும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. போன ஞாயிறு உன் முதல் ஓலை வாசித்தபோதும் யாரும் எழுந்து நிற்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் திங்கட்கிழமை காலை நம் வீட்டுக்கு வந்தார். உப்பளம் பகுதியில் குடியிருக்கிறவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மெடல் குத்திக்கொண்டு வரும் விழாக்களில் அவரைப் பார்த்து வணக்கம் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டு உள்ளே வந்தார். வந்ததும் சொன்ன முதல் வாக்கியம் இது: "சம்பந்தி, நான் கோயில்ல எந்திரிச்சு நிக்கல. உங்க மரியாதைக்காகத்தான் நிக்கல."

யாரைச் சம்பந்தி என்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு கட்டடத்தின் படிக்கட்டு. நீ சாம்பல் நிறக் கோட்டில் நிற்கிறாய். பக்கத்தில் சந்தன நிறப் பட்டுப்புடவையில் ஒரு பெண், கையில் பூங்கொத்து, குளிருக்குப் புடவைமேல் ஒரு ஸ்வெட்டர். "எம் பொண்ணு ஜோசபின். மேரியில, அதான் அங்கத்த முனிசிபல் ஆபீஸ்ல வச்சு, மேயர் முன்னால பதிஞ்சாங்க. ரெண்டு வருஷமாச்சு. உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதுங்க." போட்டோவுக்கு அடியில் இன்னொரு காகிதம் இருந்தது. கல்யாணம் பதிந்ததும் தம்பதிக்கு நகராட்சி கொடுக்கும் குடும்பப் புத்தகத்தின் நகல்; லிவ்ரே என்று நம் ஊரில் சொல்வார்கள். முதல் பக்கத்தில் உன் பெயர், அவள் பெயர், முத்திரை. அடுத்த பக்கத்தில் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கான கட்டங்கள், காலியாக. அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள். காலிப் பக்கத்தை எதற்கு நகல் எடுத்தாள் என்று நீ யோசித்துப் பார்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பொண்ணு யாருக்கும் சொல்லாதீங்கப்பான்னுச்சு. மாப்பிள்ளை ஊருக்கு வந்து, கோயில்ல வச்சு, ஊரறியக் கட்டுவாரு, அப்ப எல்லாருக்கும் சொல்லலாம்னுச்சு. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நேத்து ஓலையில மாப்பிள்ளை பேரு வந்துச்சு. அடடா, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலே ஏற்பாடு பண்ணிட்டாங்களேன்னு நிமிந்து உக்காந்தேன். அடுத்து பொண்ணு பேரு வந்துச்சு, அமலான்னு." இவ்வளவுதான் சொன்னார். காபி குடிக்கவில்லை. "முதல்ல உங்க பையனைக் கேளுங்க. நான் வெளிய சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை உன்னோடு பேசியது உனக்கு நினைவிருக்கும். நான் பேசியதைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவன். நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன்.

"அது வெறும் பேப்பர்ப்பா. ரெசிடென்ஸ் கார்டுக்காகப் பண்ணது. இங்க நம்ம பசங்க எத்தனையோ பேரு பண்ணியிருக்காங்க."

"பேப்பர்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன்ல."

"அது ஒரே ஆள் சொன்னது."

"அப்பா, உங்க பத்திரிகை ஆபீஸ் இல்ல இது. என் சொந்த விஷயம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல. பத்து வருஷக் கார்டு வந்ததும் டிவோர்ஸ் வாங்கிடுவேன். அதுக்கப்புறம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். கடவுள் மன்னிப்பாரு."

முப்பத்தைந்து வருஷம் நிருபராக இருந்தேன். போலீஸ் ஸ்டேஷனிலும் கோர்ட் வராந்தாவிலும் எத்தனையோ பேரின் சாக்குகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். திருடர்கள் உன்னைவிட மேல். பிடிபட்ட திருடன் தலையைக் குனிவான். கொஞ்ச நேரத்துக்காவது குனிவான். நீ ரயில் டிக்கெட் போல மன்னிப்பை முன்பதிவு செய்து வைத்துக்கொண்டு, ஏறப்போகும் பெட்டி எண்ணையும் எனக்குச் சொல்கிறாய். கடவுளைப் பற்றிப் பேசும்போது உன் குரல் விசா ஆபீஸ் குமாஸ்தாவைப் பற்றிப் பேசும் குரல் போலவே இருந்தது. ஆள் நல்லவர், கொஞ்சம் தாமதமாகும், ஆனால் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அந்த இரண்டாவது ஆளையும் கேட்டேன். சொல்தாவிடம் எண் வாங்கி, புதன்கிழமை ஜோசபினைக் கூப்பிட்டேன். முதியோர் இல்லத்தில் வேலை, மதியம் இடைவேளை. நான் யார் என்று சொன்னதும், "மாமா!" என்றாள். என்னை இதுவரை பார்த்திராத பெண். "அவரு சொன்னாரா மாமா? தேதி பாத்துட்டீங்களா? எனக்கு லீவு சொல்லணும், அதான்." நீ வேலை தூரம் என்று தனி அறையில் இருக்கிறாய், ஞாயிறு தோறும் வந்து சாப்பிட்டுப் போகிறாய், தபால் பெட்டியில் அவள் பெயரோடு உன் பெயரையும் ஒட்டியிருக்கிறாள் என்பதெல்லாம் இரண்டு நிமிஷத்தில் தெரிந்தது. அவளுக்கு அது பேப்பர் அல்ல. நீ அவளிடம் பேப்பர் என்று ஒருநாளும் சொல்லவில்லை. இங்கே அவன் பெயரோடு வேறொரு பெண்ணின் பெயரை ஓலையில் வாசித்துவிட்டார்கள் அம்மா என்று சொன்னேன். இதமாகச் சொல்லும் வழி எனக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு கிழவி பிரெஞ்சில் கூப்பிடுவது மட்டும் கேட்டது. பிறகு, "எனக்கு டூட்டி இருக்கு மாமா," என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை நீயே உன் அம்மாவைக் கூப்பிட்டாய். ஜோசபின் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாயா? "கம்ப்ளைண்ட் பண்ணிடுவாளாம்மா? கார்டைப் புடுங்கிடுவாங்களா?" இதுதான் கேட்டாய். உன் அம்மா இதை எனக்குச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன்மேல் எனக்கு இருக்கும் அருவருப்பில் ஒரு பங்கை நான் எனக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறாம் வகுப்பில் உன் பள்ளியில் கட்டுரைப் போட்டி நடந்தது நினைவிருக்கிறதா? தலைப்பைச் சொல்லிவிட்டு நீ விளையாடப் போனாய். நான் உட்கார்ந்து எழுதினேன். ஆபீஸில் ஆசிரியர் என் செய்தியில் இரண்டு பத்தியை வெட்டியிருந்த நாள் அது. எங்காவது முழுசாக எழுதிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. உன் கையெழுத்தில் நீ படியெடுத்தாய். முதல் பரிசு. மேடையில் உனக்குக் கோப்பை கொடுத்தபோது எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியவன் நான். வீட்டுக்கு வரும்போது சைக்கிளின் பின்னாலிருந்து, "அப்பா, இது தப்பில்லையா?" என்று கேட்டாய். நீதான் கேட்டாய். நான் சொன்ன பதில்: "யாருக்கு என்னடா நஷ்டம்?" இரண்டாம் பரிசு வாங்கியது ஒரு பெண். அவள் முகம் எனக்கு நினைவில்லை, ஏனென்றால் அன்று நான் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. செவ்வாய்க்கிழமை போனில் என் வாக்கியத்தை என்னிடமே திருப்பிச் சொன்னாய். நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

அதைவிடப் பெரிய தவறு இந்த மாதத் தொடக்கத்தில் செய்தது. ஓலை எழுதுவதற்கு முன் மாப்பிள்ளைக்கு வேறு கட்டு ஏதும் இல்லை என்று குடும்பத்தில் ஒருவர் சாமியார் முன் உறுதி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். நீ வெளிநாட்டில் இருப்பதால் சாமியார் இரண்டு தரம் கேட்டார். "நல்லா விசாரிச்சீங்களா? உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன். சாலையில் சைக்கிள்காரன் விழுந்தாலும் இரண்டு பேரைக் கேட்காமல் எழுதாதவன், சிலுவைக்குக் கீழே இருந்த மேஜையில், உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டேன். உன்னைக் கேட்பது எனக்கு அவமானமாகப் பட்டது. அந்த அவமானத்துக்குப் பயந்து பொய்ச் சாட்சி சொன்னேன்.

நேற்று மாலை பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று அதைச் சொன்னேன். வெளியே வந்து அலுவலகத்தில், எல்லோரையும் போல நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். சாமியார் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டாரின் அரியாங்குப்பத்துப் பங்குக்கு உடனே போன் செய்தார். அங்கே பங்குச் சாமியார் ஊரில் இல்லை, யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை கடிதம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். "பொண்ணு வீட்டுக்கு அதுக்கு முன்னாடி நீங்க சொல்றதுதான் முறை. கடிதத்துல தெரிஞ்சா அவங்க யாரையும் நம்ப மாட்டாங்க, எங்களையும்தான்," என்றார்.

அதனால் இன்று காலை இங்கே வாசிக்கப்படாத ஓலை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூசை வைக்க வந்த வேறு சாமியாரால் வாசிக்கப்பட்டது. ஒன்பது மணிக்கு அமலாவின் அப்பா கூப்பிட்டார். உன் அம்மா எடுத்தாள். மூடிய மில்லில் இருபது வருஷம் நெய்துவிட்டு இப்போது ஒரு குடோனில் காவல் இருக்கும் அந்த மனிதர் போனில் எப்போதுமே கத்தித்தான் பேசுவார், எனக்கும் கேட்டது.

"சம்பந்தியம்மா! ரெண்டாவது ஓலையும் ஆயிடுச்சு! பொண்ணு தலையே தூக்கல. தங்கச்சிக்காரி கிள்ளிக்கிட்டே இருந்தா, பூசையில சிரிக்கிறாளுவோன்னு நான் ரெண்டு பேரையும் மொறச்சேன். அங்க எப்படி, சாமியார் நல்லா சத்தமா வாசிச்சாரா?"

உன் அம்மா, "ம்... வாசிச்சாருங்க," என்றாள்.

நற்கருணை வாங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. முப்பது வருஷத்தில் காய்கறிக்காரரிடம்கூட ஒரு பொய் சொல்லி நான் கேட்டிராதவள். உன் சொந்த விஷயம் அவள் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. போனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், உனக்கு இது தெரிய வேண்டும். "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம். அந்தப் பிரான்சு பொண்ணுக்கு நாம என்ன செய்ய முடியும்? பையன் வாழ்க்கையில மண்ணப் போடாதீங்க," என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று பத்து மணிக்கு எழுந்துபோய், அமலாவுக்கு எடுத்துவைத்த கல்யாணப் புடவையை பீரோவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இதைக் கட்டிக்கிட்டு அது பீடத்துக்கு முன்னால நிக்கும்போது நான் எங்கங்க பாக்குறது?"

சொந்த விஷயம் என்கிறாயே, நம் கோயிலில் தனியாகச் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஞானஸ்நானத்துக்கு இரண்டு பேர் கையில் பிடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு ஊரைக் கேட்க வேண்டும். செத்தால் மணியடித்துச் சொல்ல வேண்டும். பாவத்தைச் சொல்லும் இடத்தில்கூட எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஏன் இப்படி வைத்தார்கள் என்று எனக்கு அறுபது வயதுவரை விளங்கவில்லை. ஒருவன் எடுக்கும் முடிவு அவன் தோலோடு நிற்பதில்லை என்று தெரிந்தவர்கள் வைத்த ஏற்பாடு அது. ஒரு கையெழுத்து நீ போட்டாய். அதனால் உப்பளத்தில் ஒரு கிழவர் இரண்டு வருஷமாக மகள் கல்யாணத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தார். உன் அப்பன் பொய்ச் சாட்சி. உன் அம்மா பொய். இந்த ஊரில் ஒரே மகனைச் சொல்லி இரண்டு பேர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிடுகிறார்கள்; இருவரும் நல்ல மனிதர்கள், இருவருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். நீயோ ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லூர்துவில் மெழுகுவர்த்தியோடு எடுத்த போட்டோவை எங்களுக்கு அனுப்பிவைக்கிறாய். கல்யாணப் பூசைக்குப் பாடகர் குழு வேண்டும், மூன்று சாமியார்கள் சேர்ந்து வைக்க வேண்டும், வீடியோ நடுப்பாதையில் நிற்க வேண்டும் என்று பட்டியல் அனுப்பினாய். பட்டியலை மறுபடி பார்த்தேன். கேமராவுக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. கடவுளுக்கு வேலை எதுவும் வைக்கவில்லை.

இனி அமலாவைப் பற்றி. அவள் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். ஐந்து வருஷ வேலை. ஆறு மாதத்தில் விசா வந்துவிடும், வேலையை விட்டுவிடு, பிரெஞ்சு கற்றுக்கொள் என்று நீ சொன்னாய். உனக்கே தெரியும், உன் விசாவில் ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள். இவளுக்கு எந்த ஆறு மாதத்திலும் விசா வராது. இவள் நம் வீட்டில் உன் அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் உன் திட்டம். அவள் உன்னை நம்பி ராஜினாமா கொடுத்துவிட்டாள். போன வாரம் இங்கே வந்தபோது, "புதன்கிழமையோட கணக்கு முடியுது மாமா. அதுக்குள்ள மனசு மாறினா சொல்லும்மான்னு டாக்டர் சொல்றாரு. நான் எதுக்கு மாறப்போறேன்?" என்று சிரித்தாள். பிரெஞ்சு நோட்டைக் காட்டினாள். என் கணவர் பிரான்சில் வேலை செய்கிறார் என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். நான் சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஆக, புதன்கிழமைக்கு முன் அவளுக்குத் தெரிய வேண்டும். உன் கல்யாணம், உன் கார்டு, என் பெயர், நம் வீட்டுக் கதவை இனி யார் தட்டுவார்கள் என்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். உன்னைக் காப்பாற்ற இதைச் செய்யவில்லை. நீ காப்பாற்றப்பட வேண்டுமானால் அதற்கு வேறொருவர் இருக்கிறார். அவர் உன்னை என்னைவிடப் பொறுமையாகப் பார்ப்பார் என்று விசுவசிக்கிறேன். ஆனால் அவரிடம் போகும் வழி அந்த இரண்டு பெண்களின் வீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. சுற்றிப் போக வேறு பாதை எனக்குத் தெரிந்து இல்லை. நான் அந்த வாசலுக்குப் போகிறேன், என் கையெழுத்துக்காக. உன்னுடையதற்கு நீதான் போக வேண்டும்.

நிலவரம் இதுதான். ஜோசபின் என்ன செய்யப்போகிறாள் என்று தெரியவில்லை. இன்று மதியம் அவள் அப்பாவைப் பார்த்தேன், "பொண்ணு பேசல, அழுவுது" என்பதற்கு மேல் அவரிடம் செய்தி இல்லை. அவள் புகார் கொடுத்தால் கொடுக்கட்டும், நான் அவளைத் தடுத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிறு வாசிக்கப்பட வேண்டியது. இங்கே வாசிக்கப்படாது என்று சாமியார் சொல்லிவிட்டார், அரியாங்குப்பத்துக்குக் கடிதம் நாளை போகிறது, பிரித்துப் படிக்க வேண்டியவர் புதன்கிழமைதான் ஊர் திரும்புகிறார். அமலாவின் அப்பா செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வேலையிலிருந்து வீட்டுக்கு வருவார். நாங்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறோம். கல்யாண வேலையாக வருகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் தனியாகப் போவதாக இருந்தது. இதைப் படித்துக்கொண்டே இருந்த உன் அம்மா, இப்போது, தானும் வருவதாகச் சொல்கிறாள். அந்தப் புடவையைப் பீரோவில் திரும்ப வைக்கவில்லை.

எங்கள் பஸ் ஐந்தேகாலுக்கு. நாங்கள் போவதற்கு முன் அமலாவுக்கு நீயே போன் செய்து சொல்லலாம். செய்தாயா என்று உன்னிடம் கேட்க மாட்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் மாலை நாலு மணிக்கு வீட்டில் இருப்பாள். அங்கே அப்போது உனக்கு மதியம். செவ்வாய்க்கிழமை.